கத்திரியை உள்ள வெச்சிப் பூட்டு

வெள்ளிக்கிழமை ஆனா நீங்கள்லாம் போனைப் பாத்துகினு உக்காந்து, இந்த வாரம் எந்தச் செய்தி அதிகமா ஷேர் ஆச்சுன்னு எண்ணி வரிசை போடறீங்க. அதைப் படிக்கத்தான் ஜனங்க உங்க பக்கத்துக்கே வராங்கன்னு உங்க எடிட்டர் சொன்னாரு. "அக்கா, இந்த வேலையை நம்ம ஆரணியில மொதல்ல ஆரம்பிச்சதே நீங்கதானே, வந்து பசங்களுக்கு ஏதாச்சும் சொல்லுங்க"ன்னு கூப்ட்டாரு. ஆமா, நான்தான் ஆரம்பிச்சேன். அதைச் சொல்லிக்க எனக்கு ஒண்ணும் கூச்சம் கிடையாது. ரிட்டையர் ஆனவளுக்குப் பேச விஷயம் வேணுமில்ல, அதான் வந்துட்டேன்.

ஆனா கேமரா எப்படிப் புடிக்கணும், தலைப்பு எப்படி வெக்கணும்னு கேட்டுடாதீங்க. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். நான் சொல்லப்போறது ஒரே ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடந்ததைப் பத்தி.

அதுக்கு முன்னாடி, ஷேர் பண்றதை என்னமோ உங்க காலத்துலதான் கண்டுபுடிச்சாங்கன்னு நெனச்சிகினு இருக்கீங்களே, அதை மொதல்ல சரி பண்ணிடறேன். தொண்ணூறுகள்ல நான் ஒரு அச்சாபீஸ்ல புரூஃப் பாக்கற வேலையில இருந்தேன். அப்ப ஒரு நோட்டீஸ் வரும். சாமி பேரு போட்டு, இதை நூறு காப்பி அடிச்சிக் குடுத்தவருக்கு லாட்டரி விழுந்திச்சு, கிழிச்சிப் போட்டவர் மாடு செத்துப் போச்சுன்னு எழுதியிருக்கும். பயந்துகினு அடிக்க வரவங்களை எல்லாம் நான் ஒரே கேள்விதான் கேப்பேன். "மாடு செத்துச்சே, அவரை நீங்க பாத்தீங்களா?" பாத்தவங்க ஒருத்தர்கூட இல்ல. ஆனா அடிக்காம போனவங்களும் ஒருத்தர்கூட இல்ல. "எதுக்கும்மா வம்பு, அடிச்சிக் குடுத்துடு"ம்பாங்க. நானும் அடிச்சித் தள்ளியிருக்கேன், அச்சாபீஸ் நடக்கணுமே.

அப்புறம் ஊர்ல கேபிள் வந்துச்சு, கேபிள்ல லோக்கல் நியூஸ் வந்துச்சு. கேபிள் ஓனர் என்னைக் கூட்டிகினு போயி நியூஸுக்குப் பொறுப்பா உக்கார வெச்சாரு. கோட்டைக்குப் பின்னாடி ஒரு மாடியில ரெண்டு ரூம், அதான் எங்க சேனல். ரெண்டாயிரத்துக்கு அப்புறம் எல்லார் கையிலயும் போன் வந்துச்சு. மெசேஜ் இலவசம்னு கம்பெனிக்காரங்க கார்டு போட்டாங்க. போதாதா நம்ம ஜனங்களுக்கு. காலையில பல்லு விளக்கறதுக்கு முன்னாடியே ஃபார்வர்டு ஆரம்பிச்சிடும். அந்த கிழங்கைச் சாப்டாதே, இந்த நம்பர்ல இருந்து போன் வந்தா எடுக்காதே, ரெண்டு தலையோட கண்ணுக்குட்டி பொறந்திருக்கு, இப்படி. நான் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு "வாரத்துப் பேச்சு"ன்னு ஒண்ணு ஆரம்பிச்சேன். அந்த வாரம் ஊரு முழுக்கச் சுத்தின மெசேஜை எல்லாம் எடுத்து, இது நெசம், இது பொய், இது எங்களுக்கே தெரியலன்னு படிக்கறது. ஆறு மணி ஆனா டீக்கடையில டிவி முன்னாடி கூட்டம் நிக்கும். பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்.

அதை டிவியில படிக்கற பொண்ணு பேரு செல்வி. முள்ளிப்பட்டுல தறி நெய்யற வீடு. அவ அண்ணன் தாமுதான் வீட்டுக்குப் பெரியவன். தங்கச்சி ஒருத்தி, கல்பனா. அவளுக்குத் தை மாசம் கல்யாணம் வெச்சிருந்தாங்க. அந்த வீட்டுல ஒரு வழக்கம். ஊருக்கெல்லாம் முகூர்த்தச் சேலை நெஞ்சிக் குடுத்தாலும், அவங்க வீட்டுப் பொண்ணுக்குக் கடையில சேலை எடுக்க மாட்டாங்க. அண்ணன்காரன் கையால நெஞ்சதைக் கட்டிகினுதான் பொண்ணு மணையில உக்காரணும். கல்பனா சேலை தாமு தறியில ஏறியிருந்திச்சு. அரக்குல பச்சை பார்டர். அதைப் பத்தி செல்வி பேச ஆரம்பிச்சா நியூஸ் படிக்கறதையே மறந்துடுவா.

அந்த வருஷம் கார்த்திகையில மழை புடிச்சிகினு வுடவே இல்ல. சனிக்கிழமை மத்தியானம் நானும் செல்வியும் சாயங்காலத்துக்கு எழுதிகினு இருக்கோம். அவ போன் கீங்குன்னுது. அப்புறம் என் போன். கேமரா புடிக்கற பாபு போன். இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிக்கற காலம் அது, மூணுலயும் ஒரே மெசேஜ்: "அவசரம். முள்ளிப்பட்டுக்கு மேல இருக்கற ஏரி ஒடஞ்சிடுச்சி. தண்ணி ஊருக்குள்ள வந்துகினு இருக்கு. எல்லாருக்கும் அனுப்புங்க."

செல்வி மூஞ்சி வெளுத்துப் போச்சு. வீட்டுக்குப் போன் போடறதுக்குள்ள தாமுவே கூப்ட்டான். அவ ஸ்பீக்கர்ல போட்டா.

"செல்வி, உங்க நியூஸ்ல இன்னா சொல்றாங்க? ஏரி ஒடஞ்சிது நெசமா? கையில கத்திரிய வெச்சிகினு நிக்கறேன். பாவை அறுக்கட்டுமா வேணாமா, ஜல்தி சொல்லு."

வெளியூர்ல இருந்து வந்து இங்க வேலை செய்யறவங்களுக்காகச் சொல்றேன். நம்ம பக்கம் குழித்தறி. தரையில குழி வெட்டி அதுல காலை வுட்டுகினுதான் நெய்வாங்க. வெள்ளம் வந்தா மொதல்ல அந்தக் குழிக்குள்ளதான் எறங்கும். பாவுன்னா நீளவாக்குல கட்டியிருக்கற பட்டு இழைங்க. அது ஆயிரக்கணக்குல இருக்கும், சேத்துத் தண்ணி பட்டா அவ்ளோதான், மொத்தமும் குப்பை. அறுத்துச் சுருட்டி எடுத்துகினு ஓடினா பட்டாவது மிஞ்சும். ஆனா பாதி நெஞ்ச சேலை பாதியிலயே நின்னுடும், அதை எந்தக் கடவுளும் ஒட்டித் தர முடியாது. அந்தக் கல்பனா சேலை பாதியில நின்னுகினு இருந்திச்சு. முந்தானை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. மறுபடி பாவு பிணைச்சி, மொதல்ல இருந்து நெய்யத் தைக்குள்ள நாள் கிடையாது.

"எங்க தெரு மொத்தமும் கத்திரியோட நிக்குது"ன்னான் தாமு.

அந்த நேரம் பாத்து ஓனர் தடதடன்னு படி ஏறி வந்தாரு. நல்ல மனுஷன், ஆனா அவசரக்காரர். "மேடம், இன்னும் கீழ ஓடற லைன்ல போடலையா? ஊரே அனுப்பிகினு இருக்கு. நாம சும்மா இருந்தா நாளைக்கு நம்மளை எவன் பாப்பான்?"

இந்த எடத்தை நல்லாக் கவனிங்க. எதிர்ல ஓனர். போன்ல தாமு. பக்கத்துல செல்வி. மூணு பேரும் என் வாயையே பாத்துகினு இருக்காங்க. ஒடஞ்சிதுன்னு நான் போட்டா ஒரே நிமிஷத்துல முள்ளிப்பட்டுல அத்தனை பாவும் அறுந்துடும். பொய்யின்னு போட்டு, நெசமாவே ஒடஞ்சிருந்தா, ஜனங்க வீட்டுக்குள்ள உக்காந்துகினு இருக்கறப்ப தண்ணி வரும். எனக்கு ஏரியைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. தெரியாதுங்கறது மட்டும் நல்லாத் தெரிஞ்சிது.

செல்வியைக் கேட்டேன், "உனக்கு இதை யாரு அனுப்பினாங்க?"

"எங்க டெய்லர் அக்கா."

"அவங்களுக்குப் போட்டுக் கேளு. ஏரி ஒடஞ்சிதான்னு கேக்காதே. நீங்க பாத்தீங்களான்னு கேளு."

டெய்லர் பாக்கல. அவங்களுக்கு அனுப்பின வளையல் கடைக்காரரும் பாக்கல. அவருக்கு அனுப்பினவரு பெரணமல்லூர்ல உக்காந்துகினு இருக்காரு, மச்சான் சொன்னான்னாரு. மச்சான் போன் போவல. பாபுவைப் பாத்தேன். அவன் ஏற்கனவே கேமராவை பாலிதீன் கவர்ல சுத்திகினு இருந்தான். "கரைக்கே போயிட்டு வரேங்கா"ன்னான். "தூரத்துல இருந்து பாத்துட்டு வராதே. தண்ணி இல்லாத பக்கமா ஏறு. கரை மேல நடந்து பாரு. ஒடஞ்சிருந்தா கிட்டப் போவாதே"ன்னேன். மொபெட்டைக் கிளப்பிகினு மழையில போயிட்டான்.

தாமு லைன்லயே இருந்தான். நான் போனை வாங்கினேன். "தாமு, உன் தெருவுல இப்ப தண்ணி எவ்ளோ?"

"கணுக்கால் அளவு. மழைத் தண்ணிதான்."

"குழியில?"

"ஊறிகினு இருக்கு. மழைன்னா எப்பவும் ஊறும்."

"அப்ப நான் சொல்றதைக் கேளு. கல்பனாவை, உங்க அம்மாவை, கொழந்தைங்களை, எல்லாரையும் ஸ்கூல் மாடிக்கு ஏத்து. மாட்டை அவுத்து மேட்டுக்கு ஓட்டு. நீயும் போ. பாவைத் தொடாதே. கத்திரியை உள்ள வெச்சிப் பூட்டு."

அவன் மெதுவாக் கேட்டான், "தண்ணி வந்துட்டா அக்கா?"

"வந்துட்டா என் பேரைச் சொல்லித் தெருவுல நின்னு திட்டு. நான் வந்து வாங்கிக்கறேன்."

இதுல பெரிய மூளை எல்லாம் இல்லப்பா. ஆளுங்களை மாடியில ஏத்தினா, ஏரி ஒடையலன்னா எறங்கி வந்துடலாம். நஷ்டம் இல்ல. அறுத்த பாவு திரும்பி வராது. திரும்பி வரக்கூடியதை உடனே பண்ணச் சொன்னேன். வராததுக்குக் கண்ணால பாத்தவன் ஒருத்தன் வந்து சொல்லட்டும்னு நிறுத்தி வெச்சேன்.

ஆறு மணி வரைக்கும் காத்திருக்காம அப்பவே கேமரா முன்னாடி உக்காந்தேன். "ஏரி ஒடஞ்சிதுன்னு ஒரு மெசேஜ் சுத்துது. நெசமா பொய்யான்னு எங்களுக்குத் தெரியல. எங்க ஆள் கரைக்குப் போயிருக்கான். முள்ளிப்பட்டு ஜனங்க மேட்டுக்குப் போங்க. பாவை அறுக்காதீங்க. அவன் பாத்துட்டுச் சொன்னதும் நானே வந்து சொல்றேன்." அவ்ளோதான் சொன்னேன்.

ஓனருக்கு வந்துச்சே கோவம். "இன்னா மேடம் இது, தெரியலன்னு சொல்றதுக்கா நான் லட்ச லட்சமாக் கொட்டி சேனல் நடத்தறேன்?"

"ஆமா சார்"னேன்.

அப்பதான் தாமு மறுபடியும் கூப்ட்டான். "அக்கா, இங்க கரண்ட் இல்ல. டிவி எவனும் பாக்கல. பக்கத்து வீட்டுல கத்திரி போட ஆரம்பிச்சிட்டாங்க, நான்தான் கையைப் புடிச்சிகினு இருக்கேன்."

பாருங்க, எப்பேர்ப்பட்ட பேஜார்னு. மானம் போனாப் போவட்டும்னு டிவியில உக்காந்து தெரியாதுன்னு சொன்னேன், அது யார் காதுக்குப் போவணுமோ அவங்க காதுக்குப் போவல. பொய் போன வழி மட்டும் தெறந்து கிடக்குது. சரி, அந்த வழியிலயே நாமளும் போவோம்னு செல்வியை அடிக்கச் சொன்னேன்: "ஏரியை இதுவரைக்கும் யாரும் பாக்கல. மேட்டுக்குப் போங்க, பாவை அறுக்காதீங்க. பாபு கரைக்குப் போயிருக்கான். அவன் சொன்னதும் சொல்றேன். இதை எழுதினது நியூஸ் வசந்தா."

"பேரு போடணுமா அக்கா?"ன்னா செல்வி. "தப்பாப் போச்சுன்னா?"

"போடு. அந்த மெசேஜ்ல பேரு இருந்திச்சா? இல்ல இல்ல? அதுதான் அதுக்கும் இதுக்கும் வித்தியாசம்."

டெய்லர் அக்காவுக்கு, வளையல் கடைக்காரருக்கு, பெரணமல்லூர்க்காரருக்கு, எங்களுக்கு அந்த மெசேஜை அனுப்பின எல்லாருக்கும் திருப்பி அனுப்பினோம். மொதல்ல யாருக்கு அனுப்பினீங்களோ அவங்களுக்கே இதையும் அனுப்புங்கன்னு ஒவ்வொருத்தரையும் போன்ல கெஞ்சினோம். ஓனர் திட்டிகினே தன் போன்ல இருந்தும் அனுப்பினாரு. அவசரக்காரர்னு சொன்னேனே, நல்ல மனுஷன்னும் சொன்னேன்.

அப்புறம் வேற வேலை இல்ல. மழைச் சத்தம் மட்டும்தான். செல்வி அழல. ஆறு மணிக்குப் படிக்கணுமேன்னு கண்ணாடி முன்னாடி உக்காந்து தலை வாரிகினு இருந்தா. வாரின தலையையே மறுபடி மறுபடி வாரினா.

"கல்பனா தெனமும் தறிகிட்ட போயி நின்னு பாப்பா அக்கா"ன்னா. "இன்னிக்கு எவ்ளோ வளந்திருக்குன்னு."

"நாளைக்கும் நின்னு பாப்பா"ன்னு சொன்னேன். சொல்லிட்டேனே ஒழிய, எனக்கே நம்பிக்கை இல்ல.

பாபு ஏரிக்கரையில இருந்து கூப்ட்டப்ப மூச்சு வாங்கிகினு இருந்தான். "அக்கா, ஒடையல. ஏரி ரொம்பி கோடி போவுதுக்கா."

ஏரி முழுசா ரொம்பி, மிச்சத் தண்ணி கலங்கல் வழியா வழிஞ்சி ஓடறதைத்தான் நாம கோடி போவுதுன்னு சொல்றோம். அந்த ஏரி கோடி போயி எத்தனையோ வருஷம் ஆச்சு. கல்யாண வயசுல இருந்த கல்பனாவே அதைப் பாத்ததில்ல.

"கரை மேல நடந்தியா?"

"இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் நடந்துட்டேன். கரை கல்லு மாதிரி இருக்கு. ஒரு செருப்பு போயிடுச்சி. கோடித் தண்ணி ஓடை வழியா வயலுக்குத்தான் போவுது, ஊரு பக்கம் வரல. ஜனங்க மஞ்சத்தூளும் பூவும் எடுத்துகினு வந்து தண்ணிக்குப் படைச்சிகினு இருக்காங்கக்கா. மொத மெசேஜ் அனுப்பினவரும் இங்கதான் நிக்கறாரு. ரேஷன் கடையில இருக்கறவரு. ஏரி ரொம்பிடுச்சி, கோடி போவுது, வா பாக்கலாம்னுதான் சந்தோஷமா அந்தப் பெரணமல்லூர்க்காரரோட மச்சானுக்கு அனுப்பினாராம்."

நாலு கை மாறறதுக்குள்ள ரொம்பின ஏரியை ஒடச்சிட்டாங்க. கெட்ட எண்ணம் ஒருத்தருக்கும் இல்ல. பயந்தாங்க, அவ்ளோதான்.

செல்வி சீப்பைக் கீழ வெச்சிட்டு அழுதா. அழட்டும்னு வுட்டுட்டேன், எனக்கும் கண்ணு தெரியல. மூக்கை உறிஞ்சிகினே அவதான் அடிச்சா: "ஏரி ஒடையல. ரொம்பி கோடி போவுது. பாபு கரை முழுக்க நடந்து பாத்துட்டான். ஊருக்குள்ள தண்ணி வராது. நியூஸ் வசந்தா."

அன்னிக்கு நான் ஜெயிச்சேன்னு எப்பத் தெரிஞ்சிகினேன், சொல்லட்டா? கொஞ்ச நேரத்துல என் போன் கீங்குன்னுது. தெரியாத நம்பர். தொறந்து பாத்தா நான் அனுப்பின மெசேஜ், என் பேரோட, எனக்கே வந்திருக்கு. கீழ யாரோ சேத்திருந்தாங்க: "பூ எடுத்துகினு வாங்க." அப்புறம் இன்னொரு நம்பர், இன்னொண்ணு. தேவிகாபுரத்துல இருந்து வந்துச்சு, சென்னையில சேலை விக்கப் போன வியாபாரிகிட்ட இருந்து வந்துச்சு. ஓனர் தன் போனைப் பாத்துட்டுத் தலையில அடிச்சிகினாரு. "உங்க மெசேஜை எனக்கு என் பொண்டாட்டி அனுப்பறா மேடம். மறக்காம பத்து பேருக்கு அனுப்பணுமாம்."

பொய் ஓடின அதே ரோட்டுல, அதைவிட ஜல்தியா நெசம் ஓடிச்சு. பேரு போட்டுகினு ஓடிச்சு. முடியாதுன்னு யாராச்சும் உங்ககிட்ட சொன்னா, வசந்தாவுக்கு முடிஞ்சிதுன்னு சொல்லுங்க.

சாயங்காலம் ஆறு மணிக்கு "வாரத்துப் பேச்சு"ல ஏரிதான் மொத செய்தி. ஒத்தைச் செருப்போட பாபு எடுத்துகினு வந்த படம். செல்வி கண்ணு வீங்கியிருந்திச்சு, ஆனா சிரிச்சிகினே படிச்சா. முள்ளிப்பட்டுல கத்திரி பட்டது பக்கத்து வீட்டுப் பாவுல ஓரத்து இழைங்க மட்டும். தாமுவே உக்காந்து அதைப் பிணைச்சிக் குடுத்துட்டான்.

மார்கழி கடைசியில ஒரு நாள் செல்வி வந்து, "அக்கா, அண்ணன் உங்களைக் கூட்டிகினு வரச் சொன்னாரு"ன்னா. போனேன். தறியில சேலை முடிஞ்சி நின்னுகினு இருந்திச்சு, முந்தானையில பூராவும் ஜரிகை. முடிஞ்ச சேலையை அறுத்து எடுக்கறதுக்கு முன்னாடி அவங்க தறிக்குக் கற்பூரம் காட்டுவாங்க. வழக்கமா நெஞ்சவன்தான் அறுப்பான். தாமு கற்பூரத்தைக் காட்டிட்டு, உள்ள போயி பொட்டியைத் தொறந்து கத்திரியைக் கொண்டாந்து என் கையில குடுத்தான்.

"பூட்டி வெக்கச் சொன்னவங்க நீங்க. நீங்கதான் அறுக்கணும்"னான்.

எனக்குத் தறி வேலை தெரியாது, கோணலா அறுத்துடுவேன்னு பயம். இந்தச் சேலைக்கும் அதே பாவுல அடுத்து நெய்யப்போற சேலைக்கும் நடுவுல வெறும் இழை வுட்டிருந்த எடத்தை அவன் வெரலால காட்டினான், நான் அறுத்தேன். கல்பனா சேலையை வாங்கி மாருல வெச்சிகினா.

அந்தச் சனிக்கிழமை "வாரத்துப் பேச்சு"க்கு மொத செய்தியா அதைத்தான் எழுதினேன், முள்ளிப்பட்டு கல்பனாவுக்கு அவ அண்ணன் நெஞ்ச சேலை முடிஞ்சிதுன்னு. ஓனர் பேப்பரை வாங்கிப் பாத்துட்டுக் கேட்டாரு, "இன்னா மேடம், இது யாரும் ஃபார்வர்டு பண்ணின மாதிரி தெரியலையே. எந்த மெசேஜ்ல வந்துச்சு?"

"மெசேஜ்ல வரல சார். நான் பாத்தேன்"னு சொல்லிட்டு, பேப்பரைத் திருப்பி வாங்கி செல்வி கையில குடுத்தேன்.